சக்கரத்தைச் சுழற்றாத இன்ஜின்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். கல்குவாரியிலிருந்து கீழே இறங்கும் சாலை. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த பாறை, நடுவில் ஒரே ஒரு பிக்கப் வண்டி. இன்ஜின் சத்தம் இல்லை. டயருக்கடியில் ஜல்லி நொறுங்குவது மட்டும்... கறுக், கறுக் என்று.

ஓட்டி வந்தவர் என் கூட்டாளியின் சித்தப்பா. நாங்களும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். வெல்டர். கதை விடுகிற ஆள் இல்லை. சொல்லப்போனால் பேசுகிற ஆளே இல்லை. இதைக்கூட ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

சித்தப்பா சித்திக்கு இரண்டாவது புருஷன். முதல் ஆள் செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை பார்த்தவர். நெடுநெடுவென்று உயரம். வண்டி அவர் வாங்கியது. சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டபோது சித்தியோடு வீடு வந்தது, வண்டி வந்தது, செத்தவரின் பேச்சும் கூடவே வந்தது.

அந்த வண்டியின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஹைப்ரிட் வண்டிகளில் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் இல்லையா? இதில் அப்படியில்லை. பெட்ரோல் இன்ஜின் உண்டு, ஆனால் அது சக்கரத்தைத் தொடவே தொடாது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார், மோட்டாருக்குச் சோறு போடுவது பேட்டரி. சார்ஜ் இறங்கினால் இன்ஜின் தானாக எழுந்து கரண்ட் தயாரித்துப் பேட்டரிக்கு ஊட்டும். போதும் என்றால் தானாக அடங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அது தன் போக்கில் ஒரே சுருதியில்தான் முனகும். சித்தப்பாவுக்கு அது அறவே ஆகாது. மிதிப்பது தன் கால், பதில் சொல்வது வேறு எவனோ என்று இருக்குமாம்.

குறை சொல்லவும் வழியில்லை. வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டால் உள்ளூர் ஓட்டத்துக்குப் பெட்ரோலே வேண்டாம். பாரம் ஏற்றித் தூரம் போனால் இன்ஜின் கைகொடுக்கும். வழியில் சார்ஜ் போடும் இடம் தேடி அலைய வேண்டாம். பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியிலேயே பிளக் பாயின்ட். வெல்டிங் மெஷினை அப்படியே சொருகலாம், வாடகை ஜெனரேட்டர் மிச்சம். ஒவ்வொரு மிச்சத்துக்கும் சித்தி, அவரு அப்பவே யோசிச்சு வாங்கினாரு என்பார். சித்தப்பாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். உயிரோடு இருக்கிறவன் என்றால் அவன் குறட்டையையாவது குறை சொல்லலாம். செத்தவனை என்ன சொல்ல?

இதில் அந்த சீட் வேறு. கதவைத் திறந்தால் தானாகப் பின்னால் நகர்ந்து, முதல் ஆளின் நீளக் காலுக்குத் தோதாகப் போய் நிற்கும். வண்டி நினைவில் வைத்திருந்த அந்த அளவை மெக்கானிக் அழித்துக் கொடுத்தார். மறுநாள் கதவைத் திறந்தால்... சீட் பின்னால்.

முதல் ஆள் செத்ததும் அந்த சீட்டில்தான். இதே குவாரிச் சாலையில், ஒரு மேட்டில், நெஞ்சுவலி. ஓரம் கட்டி ஏசியைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் வண்டிக்குத் தெரியுமா? சார்ஜ் இறங்கியதும் இன்ஜின் எழுந்தது. ஏறியதும் அடங்கியது. மறுபடி எழுந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும், யாரோ அசதியில் தூங்குகிறார் என்று போய்விட்டார்கள். இரண்டு ராத்திரி. டேங்க் வற்றிச் சத்தம் நின்ற பிறகுதான் ஒருவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம்.

சரி... அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், குவாரியில் கல் போகும் பெல்ட்டின் இரும்புச் சட்டம் விட்டுப்போய், சித்தப்பாவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது சித்தி வாசலுக்கு வந்தார்.

"பெட்ரோல் போட்டுட்டுப் போங்க. வெல்டிங் ஓட்டினா பேட்டரி மட்டும் தாங்காதுன்னு அவரு சொல்லுவாரு."

பெட்ரோல் பங்க் வந்தது. சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய இன்ஜின் இல்லாமலே போய்த் திரும்பிக் காட்டுகிறேன் என்ற வீம்பு.

வேலை இழுத்துவிட்டது. பாதியில் இன்ஜின் எழுந்தது, இருந்த சொச்சப் பெட்ரோலைக் குடித்தது, இருமி நின்றது. இறக்கம்தானே, மிச்ச சார்ஜில் போய்விடலாம் என்று கிளம்பினார். நடுவில் ஒரு மேடு இருப்பது மறந்துபோயிற்று. அந்த மேட்டில் வண்டி தளர்ந்து... தளர்ந்து... நின்றது. விளக்குகள் அணைந்தன. போனில் சிக்னல் இல்லை. ஒரு பூச்சியின் சத்தம்கூட இல்லை. அப்புறம்தான் அது எந்த மேடு என்று அவருக்கு உறைத்தது.

இன்ஜின் எழுந்தது.

ம்ம்ம்ம்... என்று, அதே சுருதி. எதிரே திரையில் வெளிச்சம் வந்தது. பெட்ரோல் சுத்தமாக இல்லை என்று காட்டுகிறது. சார்ஜ் மட்டும் ஏறுகிறது. உள்ளே கிராம்பு வாசனை. யாரோ மென்றுகொண்டே பக்கத்தில் மூச்சு விடுவது போல. முதல் ஆள் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும் என்று சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறார். சீட் மெல்லப் பின்னால் நகர்ந்தது. விர்ர்ர்... சித்தப்பாவின் கால் பெடலுக்கு எட்டவில்லை.

பயமாக இல்லையா என்று கேட்டோம். இருந்தது, ஆனால் ஆத்திரம்தான் முந்திக்கொண்டது என்றார். சாவியோடு கீழே குதித்து, கதவை அறைந்து சாத்தி, வண்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"அவ இப்ப என் பொண்டாட்டி. நீ போய்ச் சேர்ந்தாச்சு."

இன்ஜின் அடங்கியது. கதவுகள் பூட்டிக்கொண்டன. டக். பிறகு, ஆளில்லாத வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லாமல் வளைவு வரை போய் மறைந்தது. சாவி சித்தப்பாவின் கையில்.

வீடு வந்து சேர்வதற்குள் செருப்பு பிய்ந்துவிட்டது. வாசலில் வண்டி நிற்கிறது. சார்ஜ் வயர் ஒழுங்காகச் சொருகியிருக்கிறது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிகிறது. கதவைத் தட்டினார். சித்தி திறந்தார். படிய வாரிய தலை, நல்ல சேலை, முகம் நிறைய ஒரு சிரிப்பு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து சித்தப்பா பார்க்காத சிரிப்பு. இவரைப் பார்த்ததும் அது அணைந்துபோயிற்று.

"நீங்களா?"

அந்த நேரத்திலும் தன்னைக் குத்தியது அந்தச் சிரிப்புதான் என்றார் சித்தப்பா. அப்போது உள்ளே படுக்கையறையிலிருந்து ஓர் ஆண் குரல், சித்தியை ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இவருக்குத் தெரியாத பெயர். சித்தி திரும்பி, இதோ வந்துட்டேன் என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

விடியும்வரை படியில் கிடந்தார். காலையில் கதவைத் திறந்த சித்தி, இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், ராத்திரி நேரத்தோடு வந்து சாப்பிட்டுத்தானே படுத்தீர்கள் என்று கேட்டார். விளையாட்டில்லை. நிஜமாகவே கேட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

அந்த வாரமே வண்டியை விற்றார். சித்தி சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. முதல் ஆளைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது. சித்தியின் முகத்தில் தனிக் களை. ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்றுதான் சித்தப்பா நினைத்தார். ஆனாலும் அந்தப் படுக்கையறைக்குள் காலெடுத்து வைக்க மனசு வரவில்லை. முதுகுவலி என்று சாக்குச் சொல்லிக் கூடத்தில் படுக்க ஆரம்பித்தவர், இன்றுவரை கூடத்தில்தான் படுக்கிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவியவருக்குச் சித்தி துண்டை நீட்டினார். துடைத்து முடித்ததும் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரம் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்தாராம். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

"பகல்ல எவ்வளவு சூடா இருக்கு... ராத்திரி மட்டும் ஏன் இந்தக் கை அப்படி ஜில்லுன்னு இருக்கு?"