ஹாஸ்டல் வேணுமான்னு பார்க்க வந்த மேடம்

"மேடம், வாந்தி வந்தா சொல்லுங்க, கவர் வச்சிருக்கேன்."

பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் காலை பஸ். சொன்னவள் கல்லூரி மாணவி. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர் அவளுடைய பேராசிரியை.

"மூணு நாளா எதுக்கு மேடம் எங்களோட அலையுறீங்க?"

"ஹாஸ்டல் கட்டணுமா, வேணாமான்னு காலேஜ் கமிட்டில ரிப்போர்ட் கேட்டிருக்காங்கம்மா. ரூம்ல உக்காந்துக்கிட்டு எப்படி எழுதுறது?"

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இப்படி ஒரு மேடம் வாய்த்திருந்தால் நானும் பத்தாவது தாண்டியிருப்பேன்.

"கட்டலைன்னா அப்பா என்னைய நிப்பாட்டிருவாரு மேடம். இருட்டுன பெறகு வீட்டுக்கு வாரேன்னு தெனமும் சண்டை."

"தெரியும்மா. அதான் கமிட்டிக்காரங்க எல்லாரையும் நாளைக்கு இதே பஸ்ல வரச் சொல்லியிருக்கேன்."

"பெரிய ஆளுங்களாச்சே மேடம். வெள்ளனே வந்து எடம் போட்டு வைக்கவா?"

"வேண்டவே வேண்டாம். நின்னுக்கிட்டே வரட்டும்."