இடதுபக்கம் இல்லாத பையன்

பனச்சமூட்டில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் இருக்கையில் ரப்பர் ஷீட் கட்டை மடியில் வைத்திருந்தவர் பக்கத்தில் குடையோடு இருந்தவரிடம் சொன்னார்: "அவனுக்கு இடதுபக்கமே கெடையாது ஓய்."

நாளைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதற்குப் போகும் ஊர்ப் பையனைப் பற்றித்தான் பேச்சு.

"ஆறடிக்கு மேல ஒயரம் உண்டு. கூடை ஒயரத்துக்குச் சாடவும் செய்வான்," என்றார் குடைக்காரர்.

"உண்டு. ஆனா சர்ச் கிரவுண்டுல படிச்ச பந்துகளியாக்கும். இடதுபக்கம் கல்லறைத் தோட்டம். அதுக்குள்ள பந்து விழுந்தா அன்னைக்குக் களிய நிப்பாட்டணும்னு உபதேசியாருக்க சட்டம். அதனால அவன் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான்."

"செலக்‌ஷன்காரனுக்கு அது தெரியாதுல்லா."

"தெரிஞ்சா நல்லது."

"நீரு எதுக்கு ஓய் அவனுக்க குத்தத்தையே பேசுதீரு?"

"எனக்க மவளுக்கு அவனப் பேசி வச்சிருக்கு. அவனுக்கு மஸ்கட்ல வேலைக்கு விசா வந்தாச்சு. டீம்ல எடுத்தா போவ மாட்டேன்னு சொல்லுதான்."

வெள்ளறடை தாண்டியதும் குடைக்காரர் கேட்டார்:

"அப்போ நாளைக்கு நீரு பாக்கப் போவலியா?"

"போவாம பின்ன? சர்ச் கிரவுண்டுல கூடைக்குப் போஸ்ட் நட்டதே நானாக்கும்."