முன்பக்கத்தை மாட்டியவன்

தூரப் பயணத்துக்கு அவித்த முட்டைதான் சரியான சாப்பாடு. வண்டியை நிறுத்த வேண்டியதில்லை, கையில் எண்ணெய் ஒட்டாது, சட்டைப் பையில் ஒரு சிறிய உப்புப் பொட்டலம் இருந்தால் போதும். எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில் எங்கள் ஊரான அலையன்ஸிலிருந்து கிளம்பியபோது பன்னிரண்டு முட்டைகள் எடுத்துக்கொண்டேன். நெவாடாவில் இருக்கும் வினமக்கா வரை ஏறக்குறைய ஆயிரம் மைல். போகிற வழியில் மூன்று வீடுகளில் என் மகனின் காரை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கார் என்றால் அதன் பாகங்கள். டென்னி இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனும் அவன் நண்பர்களும் பழைய கார்களை எலும்பு தெரிய உரித்து, நான்கைந்து வண்டிகளின் உறுப்புகளை ஒன்றில் பொருத்தி, பெரிய எஞ்சின் வைத்து ஓட்டுகிறவர்கள். ஹாட் ராட் என்பார்கள். டென்னியுடையது முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு. அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தங்களில் ஒருவன் இறந்தால் அவன் காரைக் காயலான் கடைக்கு விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பாகம் கழற்றிக்கொண்டு போய்த் தங்கள் வண்டியில் பொருத்துவார்கள், அல்லது கண்ணில் படும்படி மாட்டிவைப்பார்கள். டென்னியை அடக்கம் செய்த அன்று மதியம், கோட்டும் டையுமாக என் வீட்டு முற்றத்தில் நின்று அந்த நொறுங்கிய காரைக் கழற்றினார்கள். ஸ்பேனர்களை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவர்கள் பிழைப்பைத் தேடி மேற்கே சிதறிப்போனார்கள். டென்னியின் காரைத் திரும்பச் சேர்க்க ஆசைப்படுகிறேன் என்று மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. தகப்பன் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று தெரியும். அந்த ஆசை பொய்யில்லை. அதோடு இன்னொரு காரணமும் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெயர் மில்ஃபோர்ட் காஸ்பர். மனைவி ஆர்டித் போனபோது டென்னிக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முப்பத்தொரு வருஷம் ரயில்வே யார்டில் வண்டி சோதிப்பவனாக இருந்தேன். நின்றிருக்கும் சரக்கு ரயிலின் ஓரமாகச் சுத்தியலோடு நடந்து, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தப் பின் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது வேலை. நான் சோதித்து அனுப்பிய வண்டி எதுவும் தடம் புரண்டதில்லை.

முதல் நிறுத்தம் ராலின்ஸ். கஸ் ஆர்ம்பிரஸ்டர் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருந்தான். டென்னியின் எஞ்சினைக் கழுவித் துடைத்து, மரச்சட்டத்தில் ஏற்றித் தயாராக வைத்திருந்தான்.

"மிஸ்டர் காஸ்பர், இது என் வண்டியிலேர்ந்து இறங்கின அன்னிக்கு என் பொண்டாட்டி சர்ச்சுக்குப் போய் நன்றி சொல்லிட்டு வந்தா. அவ்வளவு சத்தம். இனிமே அந்தச் சத்தம் உங்க தலைவிதி."

"எனக்குக் காது பாதி போயாச்சு கஸ். ரயில்வே குடுத்த பரிசு."

"அப்ப உங்களுக்குத்தான் பொருத்தம்."

சங்கிலி போட்டு என் டிரெய்லரில் ஏற்றினோம். முடிந்ததும் அவன் சிகரெட்டைப் பற்றவைத்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ரோலியைப் பார்ப்பீங்கல்ல?"

"கடைசியா அங்கேதான் போறேன்."

"கொஞ்சம் நல்லபடியா பேசுங்க. அவன் இப்பக் காரைத் தொடறதே இல்லை. வேலைக்கு நாலு மைல் நடந்து போறானாம். எங்க எல்லாரையும் விடக் கெட்டிக்காரன், ஏதோ ஹோட்டல்ல படுக்கைத்துணி துவைக்கிறான். தப்புதான், யாரு இல்லேன்னா? ஆனா ஒரு பின்னை மறந்ததுக்கு ஒருத்தன் எத்தனை நாளைக்குச் சாவான்?"

பேசுகிறேன் என்று சொன்னேன்.

ரோலின் டீக் என் மகனின் நெருங்கிய நண்பன். அந்தக் காரின் முன்பக்கம் முழுவதையும் மாட்டியவன் அவன்தான். ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் முனையில் இருக்கும் போல்ட்டில் ஒரு நட்டு. அந்த நட்டு சுழன்று கழன்றுவிடாமல் போல்ட்டின் துளை வழியாக மெல்லிய பின் ஒன்றைக் கோத்து, அதன் இரண்டு கால்களையும் மடித்துவிடுவார்கள். சின்னப் பையன் விரல் நீளம்கூட இருக்காது. டென்னி கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய அன்று, நாற்பது மைல் தாண்டி, பிரிட்ஜ்போர்ட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கத்தில் அந்த நட்டு கழன்று விழுந்தது. காரைப் பார்த்த அதிகாரி பின் இல்லை என்று எழுதினார். மாட்டியது யார் என்று கேட்டார். "நான்தான்," என்றான் ரோலி. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வீடு யூட்டாவில், டூவிலாவில். நோரீன் ஹேட்ச். அந்தக் கூட்டத்திலேயே ஒரே பெண், வாய் எல்லோரையும் விட நீளம். இப்போது கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை. அந்த வீட்டில் மத வழக்கப்படி காபி குடிப்பதில்லை, சூடாகப் பால் கொடுத்தாள். டென்னியின் முன் ஆக்சிலும் அந்த ஸ்டீயரிங் கம்பியும் அவளிடம் இருந்தன. நான் கிளம்பி வந்ததற்கு இன்னொரு காரணம் என்றேனே, அது இந்தக் கம்பிதான்.

"எண்ணெய்த் துணியில சுத்தி வச்சிருந்தேன் மிஸ்டர் காஸ்பர். நீங்க வர்றீங்கன்னு போன வாரம்தான் பிரிச்சுத் துடைச்சேன். ஒண்ணு காட்டணும். உட்காருங்க."

"நிக்கிறேன் பரவாயில்லை."

குழந்தையைத் தரையில் விட்டுவிட்டுக் கம்பியின் முனையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"டென்னி எல்லாத்தையும் மாட்டி முடிச்சப்புறம்தான் கறுப்புப் பெயிண்ட் அடிச்சான். ஞாபகம் இருக்கா? நட்டு, போல்ட்டு எல்லாத்து மேலயும் அடிக்கிறியேடா சோம்பேறின்னு நான்தான் திட்டினேன். இப்பப் பாருங்க. போல்ட்டு முனை கறுப்பு. நடுவுல இந்த ஒரு கோடு மட்டும் பெயிண்ட் இல்லாம துரு பிடிச்சிருக்கு. பின்னோட கால் மடிஞ்சு படுத்திருந்த இடம். துளைக்குள்ளயும் பெயிண்ட் இல்லை."

நான் பார்த்தேன்.

"பின் இல்லாம பெயிண்ட் அடிச்சிருந்தா இதெல்லாம் கறுப்பா இருந்திருக்கும். பின் இருந்திருக்கு. பெயிண்ட் காய்ஞ்சப்புறம் அதை உருவியிருக்காங்க."

"யாரு உருவுவாங்க?"

"டென்னியே எதையாவது சரி பண்றேன்னு உருவிட்டுத் திரும்ப மாட்டாம விட்டிருப்பான். அவன் புத்தி அப்படித்தானே. யாரா இருந்தா என்ன, ரோலி மறக்கலை. ரெண்டு வருஷமா அந்தப் பைத்தியக்காரன் வேற ஒருத்தன் சிலுவையைத் தூக்கிட்டு நடக்கறான். நேத்து அவனுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்புறம் நீங்க அங்கதானே போறீங்கன்னு நிறுத்திட்டேன்."

"எழுதாதே. நான் நேர்ல சொல்றேன். என் வாயால வந்தாத்தான் அவன் நம்புவான்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கம்பியை ஒரு குளியல் துண்டில் சுற்றி, பின்னால் டிரெய்லரில் வேண்டாம் என்று சொல்லி, எனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

அவள் சொன்னது அவ்வளவும் சரி. ஒரே ஒரு இடத்தில்தான் பிசகு. அந்தப் பின்னை உருவியது நான்.

டென்னிக்கு லாங் பீச்சில் பந்தயக் கார் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அந்தக் காரிலேயே ஓட்டிப் போவதுதான் அவன் திட்டம். கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் அவனும் ரோலியும் முடி வெட்டிக்கொள்ள ஊருக்குள் போனார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து, பிளையரால் பின்னின் கால்களை நிமிர்த்தி வெளியே இழுத்தேன். பிறகு நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். ஐந்து நிமிஷ வேலை. நான் யோசிக்காமல் செய்யவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக மூன்று மைல் சரளைச் சாலை. அந்தக் குலுக்கலில் நட்டு கழன்றுவிடும், ஸ்டீயரிங் ஆடும், மெதுவாகப் போகிற வண்டி பள்ளத்தில் இறங்கி நிற்கும், அவன் நடந்து வீட்டுக்கு வருவான். தான் கட்டிய கார் மீது அவனுக்கு இருந்த நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் வேலையும் தள்ளிப்போகும். ஒரு வருஷம் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். அன்று காலை அவன் போன பிறகு வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இரண்டாம் முறையாகக் காபிகூடப் போட்டு வைத்திருந்தேன்.

நான் எதிர்பார்த்ததை விட ரோலி நட்டை நன்றாக முறுக்கியிருந்தான். அதையும் சொல்ல வேண்டும்.

டூவிலாவிலிருந்து மேற்கே போனால் உப்புவெளி. சாலையோரம் வண்டிகள் நின்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தி, கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, போல்ட்டின் முனையைத் தேய்த்தேன். இருபது இழுப்பில் கோடு போய்விட்டது. துளையின் வாயைத் தேய்க்கும்போது அயோவாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண் வந்து, தங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தாள். மகனின் காரைச் சேர்க்கிறேன் என்றேன். உங்கள் மகன் கொடுத்துவைத்தவன் என்றாள். மீதி இரண்டு முட்டைகளையும் அங்கேயே சாப்பிட்டேன்.

மறுநாள் வினமக்காவில் ரோலி ஒரு தகர வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தான். இருபத்தைந்து வயதுக்கு அவன் கைகள் வெளுத்து, துவைத்துத் துவைத்து ஊறிப்போயிருந்தன. மடியில் டென்னியின் ஸ்டீயரிங் வளையம்.

"நீங்க அடிப்பீங்கன்னு நினைச்சேன் மிஸ்டர் காஸ்பர். ரெண்டு வருஷமா அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

"நான் எதுக்கு அடிக்கணும்."

"அந்தப் பின்னை மாட்டினதா எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் கொடுமை. கையில புடிச்சது, காலை மடிச்சது, பிளையர் வழுக்கி விரல் கிழிஞ்சது, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா பின் இல்லையே. அப்ப என் மண்டையே எனக்குப் பொய் சொல்லுதுன்னுதானே அர்த்தம்? நான் வேற எதை நம்பறது? அதான் வண்டியத் தொடறதில்லை."

எழுந்து வந்து கம்பியைப் பார்க்க வேண்டும் என்றான். துண்டைப் பிரித்துக் காட்டினேன். கட்டைவிரலால் போல்ட்டின் முனையைத் தடவினான்.

"பளபளன்னு இருக்கே."

"நோரீனை உனக்குத் தெரியாதா. எதைக் குடுத்தாலும் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் வைப்பா."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உன்னைக் கேட்டா. நல்லா இருக்கியான்னு."

தலையை ஆட்டினான். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் இருந்தது. அது நீளமான வாக்கியமும் இல்லை. நான் வேறொன்றைச் சொன்னேன்.

"ரோலி, மறதி எல்லாருக்கும் வர்றதுதான். நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

அவன் படியில் உட்கார்ந்து, என் பூட்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஆர்டித் போனபோதும் வரவில்லை, டென்னிக்கும் வரவில்லை. காரைச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

"அதை நான் தொடலாமா?"

"நீ தொட்டாத்தான் அது சேரும்."

அன்று மாலையே அவன் துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினான். டென்னியின் அறையைக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு இப்போது இரண்டு தட்டு வைக்கிறேன். காரின் மீதிக் கூடு கிடந்த கொட்டகையில் அவன் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். நோரீன் கிறிஸ்துமஸுக்கு எழுதினாள், ஈஸ்டருக்கு எழுதினாள். தபால் பெட்டியைத் திறப்பது நான்தான், பதில் எழுதுவதும் நான்தான். சொல்லிவிட்டேன், அவன் நிம்மதியாக இருக்கிறான், அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான் என்று எழுதினேன். நிம்மதியாக இருக்கிறான் என்பது உண்மை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

கார் முடிய நான்கு வருஷம் ஆயிற்று. போன மாதம்தான் கடைசிப் பூச்சு காய்ந்தது. எஞ்சின் ஓடியபோது எனக்குக்கூட நன்றாகக் கேட்டது. மறுநாள் காலையில் ரோலி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"கஸ் ராலின்ஸ்ல ஒரு பட்டறை ஆரம்பிச்சிருக்கான். கூப்பிடறான். போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன் மிஸ்டர் காஸ்பர். வண்டி ஓட்டக்கூட இப்பத் தைரியம் வந்திருக்கு. நான் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தேன்.

"டென்னியும் இதே நாற்காலியில உட்கார்ந்துதான் இதைக் கேட்டான்," என்றேன்.

அது பொய்யில்லை. அவன் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான், ஏறக்குறைய அதே வார்த்தைகளில்தான் கேட்டான். ரோலி தட்டை நகர்த்திவைத்தான். பிறகு எழுந்து போய், வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவனிடம் போகாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யாரையும் பிடித்துவைக்கிற சுபாவம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.