மூன்றாவது மைக்

மிப்ரான்: டீச்சர்... கொஞ்சம் நில்லுங்க. மறுபடியும் நகர்ந்துட்டீங்க!

நிஷாந்தினி: நானா? இந்த டபுள் பேஸ், வயலினுக்குப் பெரியப்பன், என்னைய விட அரை அடி உசரம், மிப்ரான் தம்பி. இது எங்க நகருதோ, அங்கதான் நானும்.

மிப்ரான்: தரையில டேப் ஒட்டி வச்சிருக்கேனே! ஒங்க மைக் அங்க தனியா நிக்குது, பாவம்.

புவனேந்திரன்: எங்க அக்காவ விடுங்க. வெலிமடையில இருந்து லீக்ஸ் ஏத்துன மரக்கறி லொறியில பேஸக் கட்டிப் புடிச்சுக்கிட்டே வந்திருக்கு. ரெண்டும் ஒரே வாசம்.

நிஷாந்தினி: நீ அந்தத் தப்பு மோளத்த அடிக்கிற வேலைய மட்டும் பாரு, புவனேந்திரா.

மிப்ரான்: அந்த வேலைதான் பிரச்சினையே! விடியக்காலம் தோட்டத்துப் பெரட்டுக்கு வேலையாள் கூப்பிடுற மாதிரி அடிக்கிறாரு. எல்லாரும் இந்த ஒரே மாடி ரூம்... தப்புச் சத்தம் எல்லா மைக்கிலயும் பூந்துருது.

புவனேந்திரன்: சுத்தி மெத்தைய நிறுத்துனீங்க, சரி. பொலித்தீனக் கழட்டலியே! சத்தம் எப்புடி அடங்கும்?

மிப்ரான்: கழட்டுனா வாப்பா என்னைய இந்த மெத்தைக் கடைய விட்டே வெரட்டிருவாரு. விக்கிற மெத்தை.

நிஷாந்தினி: இப்ப எடுத்ததுல பேஸ் கேக்குதா? ஒளிக்காமச் சொல்லுங்க.

மிப்ரான்: ம்... கேக்குது... அந்த மலையில மாடு கத்துற மாதிரி.

புவனேந்திரன்: அந்தா, மாரிசாமி அண்ணன் எதையோ காட்டுறாரு.

நிஷாந்தினி: பாடுற தொண்டையாம், பாட்டுக்குத் தவிர காலையில இருந்து வாயே தொறக்கல. ஆர்மோனியத்த விட்டுட்டு எதக் காட்டுறாரு...

மிப்ரான்: கீபோர்ட. பேஸ் கேக்கலன்னா, அதுல வாசிச்சுப் போட்டுரலாமாம்.

நிஷாந்தினி: எட்டு மாசம் வெரல் கிழியப் பழகியிருக்கேன், அண்ணே! என் பேஸ் இல்லாம இந்தப் பாட்டு... சும்மா தலைய ஆட்டாதீங்க!

மிப்ரான்: சரி, சரி. கடைசியா ஒருக்கா எடுப்பம். நாலு மணிக்கு ஒங்க லொறி வந்துரும்.

புவனேந்திரன்: இருங்க... ஈரக் காத்துக்குத் தோல் தொய்ஞ்சு போச்சு. தப்பக் காய்ச்சணும்.

மிப்ரான்: மறுபடியுமா? ரெண்டு தரம் காய்ச்சியாச்சே!

புவனேந்திரன்: பதுளைக் காத்துக்கிட்டச் சொல்லுங்க. கீழ பின்வாசல்ல நாலு பேப்பரக் கொளுத்துனாப் போதும்.

மிப்ரான்: மெத்தைக் கடையில நெருப்பு! நான் பக்கத்துல நிக்காட்டி வாப்பா ஏசுவாரு. வாங்க, சுருக்கா!

நிஷாந்தினி: மெதுவாவே வாங்க, தம்பி. அவசரமில்ல.

மிப்ரான்: ...வந்துட்டோம். அண்ணன் இன்னும் கண்ண மூடித்தான் இருக்காரா? சரி... டீச்சர்! தப்பு மைக்குக்கே வந்துட்டீங்க!

நிஷாந்தினி: இங்கதான் தரை சமமா இருக்கு. அங்க வச்சா ஆடுது.

புவனேந்திரன்: அக்கா நிக்கட்டும். நான் மூலைக்குப் போயி, முதுகக் காட்டிக்கிட்டு அடிக்கிறேன்.

மிப்ரான்: என்னால ஏலா ஒங்களோட... யாரும் மூச்சு விடாதீங்க. ஒண்ணு... ரெண்டு...

நிஷாந்தினி: ...முடிஞ்சுதா? ஏன் தம்பி முழிக்கிறீங்க? மாடா?

மிப்ரான்: அல்லாஹ்வே... மாடில்ல, டீச்சர். நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது! இந்தாங்க அண்ணன், நீங்களும் கேளுங்க... பார்த்தீங்களா, கீபோர்ட எடுத்து உறைக்குள்ள போடுறாரு!

புவனேந்திரன்: அப்பயும் வாயத் தொறக்குறாரா பாரு.

மிப்ரான்: டீச்சர்... ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது. ஒங்க மைக்... நேத்து கை தவறி விழுந்து செத்துப் போச்சு. சும்மாதான் நட்டு வச்சேன். சொன்னா, அண்ணன் நேரா கீபோர்டுக்குப் போயிருவாருன்னு...

நிஷாந்தினி: தெரியும்.

மிப்ரான்: தெரியுமா!

நிஷாந்தினி: மெத்தைக்கு அடியில அந்த வயரு நுனி என் கால் வெரல்ல மாட்டிச்சு. எதுலயும் செருகல. அதான், நீங்க கீழ போறப்பல்லாம் தப்பு மைக்குப் பக்கம் ஒரு அடி, ஒரு அடியா வந்தேன்.

மிப்ரான்: நல்லவேளை... அந்தத் தோல் மூணு தரம் தொய்ஞ்சுதே!

புவனேந்திரன்: எங்க தொய்ஞ்சுது? மொத தரம் காய்ச்சுனதே இன்னும் கணகணன்னு இருக்கு. அக்கா கண்ணக் காட்டுறப்பல்லாம் ஒங்களக் கீழ கூட்டிட்டுப் போக எனக்கு வேற என்ன வழி?