முப்பதுக்கு இருபத்தேழு

மருந்துக்கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டர்கள் கோழி கிளறியதுபோல் எழுதித் தரும் சீட்டையும் கண்ணாடி போடாமல் படித்துவிடுவேன். அதனால், இன்ஸ்பெக்டர், என் மகளின் மாத்திரையில் கை தவறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

மூளையில் கட்டி என்று அறுவை செய்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். அந்த வேலைக்காக வேறு ஊருக்குப் போய், நாலு வருடமாக எனக்கு முகம் கொடுத்துப் பேசாதவள். போன் செய்தால், "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்பாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் என் கையை விடவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். "எங்கேம்மா போறே?" என்று குளியலறை வாசல்வரை பின்னாலேயே வருவாள். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

டாக்டர் பொறுமையான மனிதர். என்னை உட்காரவைத்து விளக்கினார். "இந்த மறதியெல்லாம் மெல்லக் குறைஞ்சுடும். ஆனா மூளை மேற்கொண்டு கெடாம பாத்துக்கணும். கதிர்வீச்சு கொடுத்திருக்கோம், அதுவே ஒரு ஆபத்துதான். ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. முக்கியமா வலிப்பு வரவே கூடாது. ஒரு வேளை மாத்திரைகூட விட்டுடாதீங்க." எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இப்படிக் கவனமாகக் கேட்கும் அம்மாவை அவர் பார்த்ததே இல்லையாம்.

மாதாமாதம் அவளுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். முதல் மாதம் முப்பதுக்குப் பதினாறு. பிறகு பத்தொன்பது, இருபத்துமூன்று. நாலாம் மாதம் இருபத்தேழு. அன்று வரைந்த கடிகாரத்தில் நொடிமுள்கூட இருந்தது. திரும்பி வரும் பேருந்திலேயே சொல்லிவிட்டாள், "அடுத்த மாசம் வேலைக்குப் போறேன்மா. ரூம் பாத்தாச்சு." குரலில் அந்தப் பழைய அவசரம்.

மறுநாள் காலை வலிப்பு மாத்திரை இருந்த இடத்தில் சத்து மாத்திரை வைத்தேன். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அவள் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டி, "குடும்மா" என்றாள்.

ஒன்பதாம் நாள் சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். இப்படி நாலு முறை. நாலாவது முறை வலிப்பு நாற்பது நிமிடம் நிற்கவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவேதான் இருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், கடைசியில். அவள் ரத்தத்தில் மருந்தே இல்லை என்று நீங்கள் காட்டிய தாளில் ஒரு தவறும் இல்லை.

இந்த மாதம் முப்பதுக்கு நாலு. பேனாவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. சோதனை வைத்த பெண் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டாள். மகள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல," என்றாள். "நல்லவங்க போல."

அதையும் சேர்த்து எழுதுங்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னது.