கறுப்புக்கு ஒரு களை

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பியதும் எனக்கு முன்சீட்டில் இருந்த ஒரு மாமா மனைவியிடம் சொன்னார்: "சில்வரெல்லாம் வேண்டாம். கறுப்பே அடிச்சுடலாம். கறுப்புக்கு ஒரு தனிக் களை உண்டாக்கும்."

கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம். அலாய் வீலுக்குப் புதுப் பெயிண்ட்.

ஜன்னலோரம் இருந்த மாமி திரும்பினாள். "போன ஞாயித்துக்கிழமை கரமனையில பொண்ணு பார்த்துட்டு, நமக்குக் கறுப்பு வேண்டாம்னது யாரு?"

"அது பொண்ணு. இது வீல்."

"நம்ம பிள்ளைக்கு அவளைப் பிடிச்சிருந்தது."

"ஜோடி பொருந்தணுமோல்லியோ? அவன் மாநிறம்."

"மாநிறமா? காலம்பற பெயிண்டர் சாம்பிள் காட்டினாரே, கன்மெட்டல்னு, கறுப்புக்குத் தொட்டடுத்த கலர். அதாக்கும் உங்க பிள்ளை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிள்ளிப்பாலம் வரை மாமா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாமி போனை எடுத்து ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டாள். பஸ் முழுக்கக் கேட்கிற மலையாளத்தில் சொன்னாள்: வீலுக்கு சில்வரே போதும், எங்கள் வீட்டில் கறுப்பு எடுக்கிறதில்லை.