மிச்சம் நாற்பத்திரண்டு

இரவு மணி பன்னிரண்டே கால். ஆய்வுக்கூடத்திலிருந்து ஊழியர் குடியிருப்புக்கு ஒரே சாலை... ஈ காக்கை இல்லை. என் தோழியின் அக்கா அதில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அவளுக்கு வேலை எண்ணுவது. துருவக் கடலின் அடியிலிருந்து குழாய் இறக்கி எடுத்த சேறு வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் இருக்கும். பனிக்கட்டியை ஒட்டி வாழ்ந்தவை எத்தனை, திறந்த கடலில் வாழ்ந்தவை எத்தனை என்று எண்ணினால், அந்தக் காலத்தில் பனி எதுவரை இருந்ததென்று தெரியும். சேற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு தகட்டுக்கு முந்நூறு ஓடு. ஓட்டுக்கு ஒருமுறை, எண்ணிக்கை காட்டும் கைக்கருவியை அழுத்த வேண்டும். டிக்.

அன்று அது பதினொன்றாவது தகடு. கண் இரண்டும் எரிந்தன. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். கணவர் கூட இருந்தார்தான். ஆனால் அவர் தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் எழ மாட்டார். இருநூற்று ஐம்பத்தெட்டில் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். பார்க்காமலே நாற்பத்திரண்டு முறை அழுத்தினாள். எந்த வகை எத்தனை என்று எழுதும் தாளை ஏதோ ஒரு குத்துமதிப்பில் நிரப்பி, கருவியை இழுப்பறையில் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அதே நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர். 'முந்நூறார்' என்றே பட்டப்பெயர். அடுத்தவர் தகட்டில் ஒன்று குறைந்தாலும் உட்கார்ந்து மறுபடி எண்ணுவார். சேறு எடுக்கப் போன கப்பலிலிருந்து விழுந்து... உடல் கிடைக்கவில்லை.

பாதிச் சாலையில், பின்னால், டிக்.

நின்றாள். உப்பும் அழுகிய சேறும் கலந்த நாற்றம். டிக்... டிக்... அவசரமே இல்லை. சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் வீட்டுப் பக்கம்.

"சார், வேணாம் சார்! நானே போய் எண்ணி முடிச்சிடறேன்!"

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. உள்ளே கருவி முந்நூறு காட்டவில்லை. இருநூற்று ஐம்பத்தெட்டு.

அழுதுகொண்டே மிச்சத்தை எண்ணினாள். ஒவ்வொன்றாக. தாளைத் திருத்தினாள். வீடு வந்து சேர்ந்தபோது கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. மெத்தையின் ஓரம் மட்டும் ஈரம்.

"ஒரு மாமா வந்தாரும்மா. நான் மூச்சு விட விட எண்ணிக்கிட்டே இருந்தாரு. இருநூத்தி அம்பத்தெட்டுல நிறுத்திட்டு, 'உங்கம்மா திரும்பிப் போய் உக்காந்துட்டா... மிச்சத்த நீயே வச்சுக்கோ'ன்னு சொன்னாரு."